போர்க்களத்துக்குப் பட்டா கேட்டவன்

திருத்தணி, செவ்வாய்

கண்ணு ஸ்வீட்லின்,

நீ போனை எடுக்காததால் கடிதம் போடுகிறேன்.

உன்னைப் பெண் கேட்டு உன்னோடு வந்த நேசகுமார் தம்பி, பொட்டல்காட்டு போட்டோ ஒன்றைப் பரிசாக நீட்டினார். முப்பது வருஷ மனை புரோக்கர் புத்தி எனக்கு, விற்க வந்த இடம் என்று நினைத்து, "பட்டா யார் பேர்ல கீது?" என்றேன்.

"சோளிங்கர்ல ஐதர் அலி சண்டை போட்ட இடங்க அங்கிள். சரித்திரம்னா எனக்கு உயிரு."

"அவர் வாரிசுங்க எல்லாரும் கையெழுத்து போடுவாங்களா?"

கிண்டல் என்று நினைத்து நீயும் அவரும் சாப்பிடாமலே ரயிலேறிவிட்டீர்கள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

போட்டோவை ஹாலில் மாட்டியிருக்கிறேன். அவ்வளவு சண்டை நடந்த இடத்தில் இப்போது ஒரு ஆடுகூட இல்லை. நீ போனதிலிருந்து நம் வீடும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வா. கல்யாணத்துக்குச் சம்மதம். நான் பேச வேண்டியதை அம்மா தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மொத்தமே, "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க" மட்டும்தான்.

மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்
உன் நைனா