ஈரான் உப்பு

மே 3, 2025
பாகிஸ்தான் சரக்கு எதுவும் இனி வரக்கூடாதாம். வேறு நாடு வழியாகவும் கூடாது. எங்கள் இந்துப்பு அங்கிருந்துதான் துபாய் போய், சென்னைக்கு வருகிறது. துபாயில் ஒரு கன்டெய்னர் நிற்கிறது. அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை. கம்பெனி என் பேரில்; பெண்களுக்கான சலுகைக்காகக் கல்யாணமான புதிதில் எழுதிவைத்தார். சிங்கப்பெருமாள் கோவில் குடோனுக்கு நான் போனது ஆயுத பூஜைக்கு மட்டும்.

மே 19
சிறப்பு அனுமதி கேட்டிருந்தோம். மறுத்துவிட்டார்கள்.

மே 27
"துபாய்லயே சாக்கை மாத்தியாச்சு. இனிமே இது ஈரான் உப்பு. கையெழுத்துப் போடு" என்றார்.
"பொய்தானேங்க?"
"உப்புல இன்னா ஊர் பேரா எழுதிகீது? எல்லாரும் பண்ணிகினுதான் கீறாங்க."
போன வாரம்வரை டிவி முன்னால் உட்கார்ந்து பாகிஸ்தானைத் திட்டித் தீர்த்தவர்.
போட்டேன். ஏன்? வீட்டில் சண்டை வேண்டாமென்று. அவ்வளவுதான்.

ஜூன் 24
துறைமுகத்தில் சரக்கைப் பிடித்துவிட்டார்கள். ஒரு மூட்டைக்குள் பழைய லேபிள் கிடந்ததாம்.

ஜூன் 26
வக்கீல் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை ஆஜராக வேண்டும், கைது செய்வார்கள் என்கிறார்.
இன்று கஸ்டம்ஸ் ஆபீசில் அதிகாரி அம்மா கேட்டார்: "நீங்கதானே ஓனர்?" நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.
"கம்பெனி அவங்க பேர்ல இருக்கு மேடம். நான் சும்மா கூடமாட ஒத்தாசைதான்" என்றார். குரல்கூட நடுங்கவில்லை.
இவர்தான் செஞ்சாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. ஏன் சொல்லல ஹேமா?

ஜூலை 15
ஜாமீன் கிடைத்து முடிச்சூர் வீட்டுக்கு வந்தேன். ஜெயிலைப் பற்றி எழுத வரவில்லை. குளித்துக்கொண்டே இருக்கிறேன்.
"நானும் உள்ள போயிருந்தா உன்னை யாரு வெளிய எடுக்கிறது?" என்றார். அதையும் முன்பே யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

ஜூலை 21
திங்கள்தோறும் கஸ்டம்ஸ் ஆபீசில் ஆஜராக வேண்டும். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் ஜன்னலோரம்.

ஆகஸ்ட் 9
கொழுந்தனார் மனைவி நிஷா வந்தாள். என் வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். சமையல்கட்டில் என்னோடு கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "மாமா என் பேர்ல புதுசா ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறாராம்க்கா. பேரீச்சம்பழம். எனக்கு ஒரு வேலையும் இல்லையாம்."
"ஒத்துக்கிட்டியா?"
"நாளைக்கு ஆடிட்டர்கிட்ட போறோம்."
அடுப்பை அணைத்துவிட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். கூடத்தில் இருந்த அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். நானும் குரலை உயர்த்தினேன்.