ரவூப் எடுத்து வைத்த கனமான டிரான்ஸ்ஃபார்மர்

பூன் லே,
7-3-1985

அன்பு மகள் உர்சுலாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அந்தச் சிகாகோ பனியில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கோயில் பிள்ளைகள் படிக்க நீ அனுப்பிய சின்னக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டு, சரியாகப் பார்த்து வாங்காதது என் தப்பு, கூடுதல் டியூட்டி பார்த்து வேறு அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அம்மா அதை வாசித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு உன்னுடையது இல்லை மகளே, என்னுடையது.

அமெரிக்க மெஷினுக்கு 110 வோல்ட், நம்ம ஊர் கரண்ட் 230, நல்ல டிரான்ஸ்ஃபார்மராகக் கடையில் கேட்டு வாங்குங்கள் என்று நீ தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். சிராங்கூன் ரோட்டில் ரவூப் கடைக்குப் போனேன். அவர் செங்கல் கனத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தார். நான் பக்கத்தில் இருந்த, உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றைக் கேட்டேன், அதில் ஆயிரம் வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது முடி காயவைக்கிற மெஷினுக்குத்தான் அங்கிள், கம்ப்யூட்டருக்கு ஆகாது லா என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். ஷிப்யார்டில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியன், எனக்கே பாடமா என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு அந்தச் சின்னதையே வாங்கி வந்தேன். பஸ்ஸில் கனம் தூக்கச் சோம்பல், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோயில் ஹாலில் சுவிட்ச் போட்டதும் புகை வந்துவிட்டது. ஃபாதர், பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மகள் பழைய சாமானை அனுப்பிவிட்டாள் என்று சொல்லிவிட்டேன், உனக்கும் மெஷின் சரியில்லை என்றே எழுதினேன். இரண்டு மாதமாக எல்லாரும் அதை நம்புகிறார்கள். போன ஞாயிறு பக்கத்து பிளாக் பிலோமினம்மாள், உர்சுலா அமெரிக்கா போய்க் கஞ்சமாயிட்டா போலிருக்கே என்று சிரித்தார், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படிச் சிரித்திருக்கிறேன்.

நேற்று ரவூப்பிடம் மன்னிப்புக் கேட்டு அந்தக் கனமானதை வாங்கி வந்தேன், மெஷின் இல்லாமல் அலமாரியில் சும்மா இருக்கிறது. நீ கூடுதல் டியூட்டி பார்க்காதே. வேளைக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறை போட மறக்காதே. மாதா உன்னைக் கண்போலக் காக்கட்டும். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அதே ஹாலில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லப்போகிறேன், சொன்ன பிறகுதான் இதைத் தபால்பெட்டியில் போடுவேன். அதனால் இது உன் கைக்கு வந்திருந்தால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சூசைநாதன்