சிறுபாலத்திலிருந்து இருபத்தேழு அடி

என் குமரேசா, அம்மா வயிற்றில் எனக்குப் பின்னால் வந்து எனக்கு முன்னால் போய்விட்டவனே,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள், ஆபீஸில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுக்கிறவள், உனக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு ஒரு வருஷம் தேவைப்பட்டிருக்கிறது. இதை நம் ஊழியர் சங்க இதழில் போடக் கொடுக்கப் போகிறேன். உன்னிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளக் கூடாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அதனால் மற்றவர்களும் கூட இருந்து கேட்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் செல்வி நன்றாக இருக்கிறாள் என்று எழுத மாட்டேன். இருக்கிறாள். நீ பார்க்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் மகள் பொன்னி இப்போது தெரு முனை வரை ஓடுகிறாள். ஒரு பக்கம் வேலை செய்யாது என்று ஆபீஸில் கழித்துப் போட்ட ஹெட்போனை நீ வீட்டுக்குக் கொண்டுவந்தாயே, அதைக் காதில் மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடியே நடக்கிறாள். நடுவில் நின்று உன்னைப் போலவே நெற்றியைச் சுருக்குகிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? செல்வி அதைப் பார்த்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

நீ ஜவ்வாது மலையில் மண்ணுக்குள் கேபிளும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று தேடிச் சொல்கிறவன். நான் ஆலங்காயத்து ஆபீஸில் அவற்றைப் படமாக வரைகிறவள். "நான் மண்ணுல தேடறத நீ பேப்பர்ல பொதைக்கிற" என்று கேலி செய்வாய். ஒருமுறை உன்னோடு ஜீப்பில் மலைக்கு வந்தபோது, கேபிளின் ஒரு முனையைக் கரண்ட் நிறுத்திக் கழற்றி, கேபிளுக்குள் சத்தம் அனுப்புகிற பெட்டியின் ஒரு வயரை அதிலும் இன்னொரு வயரைத் தரையில் அடித்த இரும்பு ஆணியிலும் மாட்டினாய். பிறகு கம்பிச் சுருள் கட்டிய கழியை என் கையில் கொடுத்து, ஹெட்போனை என் கொண்டைக்கு மேல் அழுத்தினாய்.

"இன்னாக்கா, கேக்குதா?"

"கொசு கத்துற மாதிரி இருக்குடா."

"அப்டியே மெதுவா நவுந்து வா. எங்க கொசு சாவுதோ அங்க நில்லு."

நகர்ந்தேன். சத்தம் ஏறியது, ஏறியது, திடீரென்று ஒன்றுமே இல்லை. இன்னும் ஒரு அடி வைத்ததும் மறுபடி கத்தியது.

"அந்த சத்தமில்லாத எடத்துக்கு நேர் கீழதான் கேபிளு. பக்கத்துல இருந்தா கத்தும், தலைமேல வந்து நின்னா வாய மூடிக்கும். நம்ம அம்மா கோவத்துல இருக்கறப்போ பாத்ததில்லையா?"

நான் சிரித்த சிரிப்பில் ஹெட்போன் கழன்று விழுந்தது. பிறகு கழியை நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் பிடிக்கச் சொல்லி என்னைப் பக்கவாட்டில் நடக்கவிட்டாய். மறுபடி சத்தம் செத்த இடம் வரை எத்தனை அடி நகர்ந்தேனோ, அத்தனை அடி ஆழத்தில் கேபிள் கிடக்கிறது என்றாய். கணக்குப் படித்த எனக்கு அது உடனே புரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு அழுதவன் நீ.

ஆனால் பெட்டி ஒன்றை மட்டும் நம்பி நீ தோண்டியதில்லை. பெட்டி ஒன்று சொல்ல வேண்டும், படத்தில் உள்ள அளவு அதையே சொல்ல வேண்டும், பிறகு கையால் ஒரு சோதனைக் குழி தோண்டிக் கண்ணால் பார்க்க வேண்டும். "மூணு சாட்சி ஒரே எடத்த காட்டினாதான் கடப்பாரை" என்பாய். அப்படியும் முதல் கடப்பாரையை நீதான் போடுவாய். கூலிக்கு வந்தவர்களைப் போடவிட மாட்டாய்.

குமரேசா, அந்த மூன்று சாட்சிகளில் ஒன்று நான். இனி சொல்லப் போவது அதைப் பற்றித்தான்.

மலை ஆஸ்பத்திரியிலிருந்து பம்பு ஷெட்டுக்குக் கேபிள் புதைத்தபோது அளவு எடுத்தவன் நீ. பாதை திரும்புகிற வளைவில் அடையாளக் கல் நட்டு, கேபிள் அந்தக் கல்லுக்குக் கீழ்ப்புறம் இரண்டடி என்று எழுதினாய். அதோடு விடாமல், பக்கத்திலிருந்த சிறுபாலத்தின் சுவர் மூலையிலிருந்து கேபிள் இருபத்தேழு அடி என்றும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாய். உன் அளவுப் புத்தகத்தில் அது இன்றும் இருக்கிறது.

என் படத்தில் இல்லை. வளைவில் மேட்டுக் கோடு, வடிகால், பாதை எல்லாம் நெருங்கி வந்தன. இருபத்தேழை எழுதினால் மற்ற எண்களின் மேல் ஏறும். என் படத்தில் ஒரு எண் இன்னொன்றின் மேல் ஏறாது என்று எனக்குப் பெயர். கல் அளவு ஒன்று போதும் என்று நினைத்து, பாலத்தின் அளவை விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே வளைவில் தண்ணீர்க் குழாய்க்குக் கால்வாய் வெட்டப் போனாய். பெட்டி பழுதாகி வேலூருக்குப் போயிருந்தது. கோடைக்காலம், ஆஸ்பத்திரிக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். காத்திருக்க முடியாது. அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து டிரங்க் கால் போட்டு நீ என்னைக் கூப்பிட்டாய். இது விசாரணைக்கு வந்தவர்களுக்குத் தெரியாது. செல்விக்கும் நேற்று வரை தெரியாது.

"அக்கா, வளைவுல ஒரே ஒரு அளவுதான் போட்டிருக்க. நான் ரெண்டு குடுத்த நாபகம்."

"ஒண்ணு போதும்டா. சரியாத்தான் இருக்கு."

"ஃபீல்டு புக்க ஒருதரம் பாத்துட்டு சொல்றியா?"

"இங்க ஆள் நிக்கிறாங்கடா குமரேசா. நான் போட்ட படத்து மேல உனக்கு இன்னா சந்தேகம்?"

நீ சிரித்தாய். "சந்தேகம் இல்லக்கா. நீ சொன்னா சரி. வெக்கிறேன்."

உன் அளவுப் புத்தகம் இருந்த பீரோ என் மேசையிலிருந்து பத்து எட்டு. ஒரு பிரதிக்காக யாரோ நின்றுகொண்டிருந்தார். யார் என்று கூட இப்போது நினைவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

அன்று மத்தியானமே உன்னை ஜீப்பில் கீழே கொண்டுவந்தார்கள். விசாரணையில் எழுதியது இவ்வளவுதான்: சோதனைக் குழி எடுக்கவில்லை, கரண்டை நிறுத்தவில்லை, ஊழியரின் கவனக்குறைவு. உன்னைத் தெரிந்த எவரும் அந்தக் கடைசி வார்த்தையை நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷம்.

போன வாரம் மலைக்குப் போனேன். வெள்ளையனைத் தெரியுமல்லவா உனக்கு? வளைவுக்குப் பக்கத்தில் சாமை போடுகிறாரே, அவர்தான். நீ விழுந்தபோது ஓடிவந்து காய்ந்த கழியால் உன்னைக் கேபிளிலிருந்து தள்ளிவிட்டவர். அவரை விசாரணையில் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும், "தம்பி கூடப் பொறந்தவங்களா? மூக்க பாத்தாலே தெரியுது" என்றார்.

அந்த வளைவுக் கல் மேட்டின் மேல் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு அரளிப் பூ.

"இது இங்கயா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. கீழ மாட்டுத் தடத்துல இருந்துச்சு. எழுத்து போட்ட கல்லு. அத நட்ட பொறவுதான் எங்களுக்கு வெளக்கு எரிஞ்சுது. வெளிச்சம் கொணாந்த கல்லுன்னு மஞ்சா பூசினோம். மாடு மிதிக்குது, மூத்திரம் பேயுது, பாவம் இல்லையா? பொங்க வெச்சி, நாலு பேரா தூக்கியாந்து மேல நட்டோம். ஒரு ஆறடி வரும்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கேபிள் மேட்டில் இருக்கிறது என்று கல் சொல்லியிருக்கிறது. அதிலிருந்து ஆறடி தள்ளிக் கீழ்ப்புறம் தோண்டினால் பயமில்லை, கேபிளோடு ஒரே ஸ்விட்சில் இருக்கிற பிரசவ வார்டின் விளக்கை அணைக்க வேண்டியதில்லை என்று நீ நினைத்திருக்கிறாய்.

"தம்பி குழி தோண்டிப் பாக்கலையாங்க?"

"யாரு சொன்னது? இதோ, இந்தக் கல்லாண்ட தோண்டிச்சே! முட்டி ஆழம். மண்ண கையாலயே சட்டியில வாரிப் போட்டுச்சு. அடியில பலகை மாதிரி ஒரு கல்லு வந்துது. 'ஆப்டுக்கிச்சு, இதான் மூடி, யாரும் தொடாதீங்க'ன்னு சொல்லிட்டு கீழ போச்சு. அப்புறம் அடிச்சுப் புடிச்சு ஓடனதுல குழி தூந்துபோச்சு."

மற்ற ஊர்களில் கேபிளின் மேல் செங்கல் வரிசை பரப்பி மண்ணைப் போடுவோம். தோண்டும்போது செங்கல் பட்டால் நின்றுவிட வேண்டும். மலைக்குச் செங்கல் ஏற்ற முடியாமல், இங்கே பலகைக் கல்லைப் பரப்பினோம். அந்த மண்ணில் எங்கே தோண்டினாலும் பலகைக் கல்தான். மேட்டில் கிடந்த வெறும் பாறையை மூடிக்கல் என்று நினைத்தாய். கீழே நிஜமான மூடிக்கல்லைப் பாறை என்று நினைத்துக் கடப்பாரையால் நெம்பினாய். உன் கண் சரியாகத்தான் பார்த்தது. தப்பான இடத்தில் பார்க்க வைத்தது என் படம். இருபத்தேழு என்று ஒரே ஒரு எண் அதில் இருந்திருந்தால், நாடாவைப் பிடித்த நிமிஷமே கல் நகர்ந்தது உனக்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளையன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெதுவாகக் கேட்டார். "நாங்க கல்ல நவுத்துனதாலதான் தம்பி போச்சாம்மா?"

"இல்லைங்க. என்னாலதான்."

அவருக்குப் புரியவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன் இடத்துக்கு வந்திருப்பவன் பெட்டியை எடுத்துவந்திருந்தான். சிறுபாலத்துச் சுவர் மூலையில் நாடாவின் முனையைப் பிடிக்கச் சொல்லி நானே இழுத்துக்கொண்டு போனேன். இருபத்தேழு அடி, கால்வாயை மூடிய புது மண்ணின் மேல் வந்து நின்றது. ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். கொசு கத்தியது. நகர்ந்தேன். நாடாவின் முனைக்கு வந்ததும் செத்துப்போனது. அங்கே நின்றேன். தலைமேல் வந்து நின்றால் வாயை மூடிக்கொள்ளும் என்றாயே. நீ என்ன சொல்லியிருப்பாய்? திட்டியிருப்பாயா? "வுடுக்கா" என்றிருப்பாயா?

நேற்றுச் சாயங்காலம் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிரங்க் காலையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவரு குழி தோண்டினாரா அண்ணி?"

"தோண்டினான்."

"அத மொதல்ல எழுதுங்க. பொன்னி பெரியவளாயி படிப்பா இல்ல?" அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்று காலை எனக்குக் காபி வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அது நியாயம். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

நாளைக்கு உன் அளவுப் புத்தகத்தையும் என் படத்தையும் பெரிய இன்ஜினியர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன். வெள்ளையன் ரேகை வைத்துக் கொடுத்த வாக்குமூலமும் இருக்கிறது. என் கையெழுத்துப் போட்ட என் வாக்குமூலமும். எனக்கு என்ன செய்வார்களோ செய்யட்டும். உன் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை இருக்கக் கூடாது.

வளைவை மறுபடி வரைந்துவிட்டேன். இருபத்தேழு, மேட்டுக் கோட்டின் மேல் ஏறி, வடிகாலை வெட்டிக்கொண்டு அசிங்கமாக நிற்கிறது. அது அங்கேயேதான் இருக்கும்.

இனி எந்த மலையிலிருந்து எவன் கூப்பிட்டு ஓர் அளவைக் கேட்டாலும், எதிரில் யார் நின்றாலும், நான் எழுந்திருப்பேன்டா. பத்து எட்டு நடந்து பீரோவைத் திறந்து, புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். போனை வைத்துவிடாதே என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போவேன்.

அன்று எழுந்திருக்காத
உன் அக்கா,
சரோஜா