உன் ஈயம், என் தோட்டா

அன்பு மாப்ளே செந்தில்,

ஜெயித்துவிட்டோம். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். துப்பாக்கி சுடும் ரேஞ்சின் வருடாந்தரக் களிமண் தட்டுப் போட்டியில், பெரிய துப்பாக்கிக்காரர்கள் அத்தனை பேரையும் தாண்டி உன் ஒல்லிக்குழல் ஃபோர்-டென் துப்பாக்கி முதலிடம் வந்திருக்கிறது. அதைக் 'கொசு அடிக்கிற துப்பாக்கி' என்று கிண்டல் செய்த நம்ம காப்பெல் ஊர் நண்பர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிட்டேன். அந்தப் பேரை வைத்ததே நான்தான், அது வேறு விஷயம்.

மார்ச்சில் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய், அப்புறம் எழவே இல்லை. நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா? அதற்குப் பிறகு உன் அக்கா எங்கள் கராஜுக்குள் கால் வைக்கவில்லை. அங்கேதானே உன் தோட்டா செய்கிற மெஷின் நிற்கிறது.

"அந்த மெஷினையும் துப்பாக்கியையும் வித்துடுங்க. பாக்கறப்பெல்லாம் அவன் நிக்கற மாதிரியே இருக்கு" என்றாள் கவிதா.

"போட்டிக்குப் பேர் குடுத்துட்டுப் போயிருக்கான். அவனுக்குப் பதிலா நான் ஒரு தடவை சுட்டுடறேன். அப்புறம் உன் இஷ்டம்" என்று கெஞ்சி வாங்கினேன்.

என் திட்டம் சுலபமானது. அலமாரியில் நீ கடைசியாகச் செய்து வைத்த தோட்டாப் பெட்டி இருந்தது. அதையே எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போனேன். அங்கே பாதுகாப்பைக் கவனிக்கும் டோனா, இது யார் செய்தது என்று கேட்டாள். என் மச்சினன் என்றேன். பெட்டியை மூடிவிட்டாள். இன்னொருவர் கையால் செய்த தோட்டாவை இங்கே யாரும் சுடுவதில்லையாம். உள்ளே எவ்வளவு வெடிமருந்து போட்டான் என்பது செய்தவனுக்குத்தான் தெரியும், அவனைக் கேட்டுவிட்டு வா என்றாள், நீ போய்விட்டது தெரியாமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் காரில் திரும்பும்போதுதான் உறைத்தது. நீயும் எனக்கு ஒரு தோட்டாகூடத் தந்ததில்லை. "உங்களுக்கு வேணும்னா நீங்களே செஞ்சுக்கங்க மச்சான்" என்பாய். இத்தனை வருஷம் உன்னைக் கஞ்சன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

அடுத்த வாரம் டோனாவே வீட்டுக்கு வந்து பக்கத்தில் நின்றாள். உன் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பழைய மருந்தைப் புல்வெளியில் மெல்லியதாகத் தூவச் சொன்னாள், புல்லுக்கு அது உரமாம். அந்த இடத்தில் மட்டும் புல் இப்போது கரும்பச்சையாக நிற்கிறது, குடியிருப்புச் சங்கத்து ஹெச்.ஓ.ஏ.காரர்கள் இன்னும் கடிதம் போடவில்லை. கடுகளவு ஈயக் குண்டுகளை மட்டும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வைத்தேன். ஈயத்துக்கு ஒன்றும் ஆகாது, அதைப் புதுத் தோட்டாவில் போடலாம் என்று டோனா சொல்லிவிட்டாள். தோட்டா என்னுடையதாக இருக்கட்டும், தட்டை உடைக்கிற ஈயம் உன்னுடையது.

ஆபீஸில் நாள் முழுக்க ஸ்பீட், பெர்ஃபார்மன்ஸ் என்று கத்துகிற புத்தி சும்மா இருக்குமா? தோட்டா செய்முறைக் கையேட்டில் இருந்த அளவுகளிலேயே மிக வேகமானதைத் தேர்ந்தெடுத்துச் செய்தேன். குண்டுகள் எப்படிப் பரவுகின்றன என்று ஒரு பெரிய காகிதத்தைக் கட்டிச் சுட்டுப் பார்த்து, அதைக் கொண்டுவந்து கராஜில் மாட்டினேன். என்னைத் திட்டுவதற்காக உள்ளே வந்த கவிதா, அதன் முன்னால் நின்றுவிட்டாள். மார்கழியில் வாசல் கோலத்தைப் பார்க்கிற அதே பார்வை.

"என்னங்க இது, நடுவுல இவ்ளோ எடம் விட்டிருக்கு? தட்டு இதுக்குள்ள பூந்து போயிடுமே."

நீ சாப்பாட்டு மேசையில் சொன்னதெல்லாம் அப்போதுதான் எனக்கு ஏறியது. இந்தக் குழல் ஒடுக்கம், போடுகிற குண்டுகளும் கொஞ்சம். வேகமாகத் தள்ளினால் நசுங்கித் திசைக்கு ஒன்றாக ஓடும், கொஞ்சம் பதமாக அனுப்பினால் கூட்டமாகப் போகும் என்பாய். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தலையாட்டியிருப்பேன். கையேட்டிலிருந்த மிதமான அளவில் மறுபடி செய்தேன். புதுக் காகிதத்தின் மேல் கவிதா உள்ளங்கையை வைத்து இடம் இடமாக நகர்த்திப் பார்த்தாள்.

"இப்ப சரியா இருக்கு" என்றாள்.

போட்டியன்று டெக்சாஸ் காற்று எங்கள் பக்கம் இல்லை. கடைசியில் என்னுடன் சமமாக நின்றவன் கையில் அகலக்குழல் ட்வெல்வ்-கேஜ் துப்பாக்கி. இது அணில் அடிக்கவா என்று காலையில் என்னைக் கேட்டவன். அவன் ஒரு தட்டைத் தவறவிட்டான். மிச்சம் ஒன்று எனக்கு. களிமண் தட்டு காற்றில் எழும்பி ஒரு பக்கமாகச் சரிந்தது. சுட்டேன். உடையவில்லை மாப்ளே, பொடியாகிப் போனது. உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். கேட்டதா உனக்கு?

காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த உன் அக்கா, இறங்கி நேராக என்னிடம் வந்தாள். சரி, விற்கச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணு குடுங்க. நானும் சுடணும்."

என் கை, பைக்குள் இருந்த தோட்டாவைத் தொட்டுவிட்டது. அப்படியே நிறுத்தினேன்.

"நான் செஞ்சதத் தர முடியாது. உனக்கு வேணும்னா நீயே செஞ்சுக்கணும்."

முறைத்தாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். "அப்படியே அவன் பேசற மாதிரியே பேசறீங்க. அப்ப அந்த மெஷின விக்காதீங்க."

இன்று காலை அவள் உயரத்துக்கு மெஷினை இறக்கி மாட்டிவிட்டேன். டப்பாவில் உன் ஈயம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது அவளுக்கு. அடுத்த போட்டியில் உன் துப்பாக்கியோடு உன் அக்கா நிற்பாள். அவளுக்காக ஒரு தோட்டாகூட நான் செய்து தரமாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
உன்னைவிடப் பெரிய கஞ்சனாகிவிட்ட உன் மச்சான்,
முருகேசன்