வெளிக்கிடும்போது பார்க்கிற முகம்

கிரான்பர்ன்
ஆனி 2012

அன்பு மகன் மயூரதனுக்கு,

இங்கே நானும் அக்கா தர்சினி குடும்பமும் சுகம். முன்பெல்லாம் உன் சுகத்துக்கு முருகனிடம் கேட்பேன், இப்போது இயேசுவிடம் கேட்கிறேன், அதுதான் உனக்குக் கோபம் என்று தெரியும், ஆனாலும் கேட்பதை விடமாட்டேன். இங்கே ஆனியில்தான் சரியான குளிர், கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போய்விட்டது. கனடாவில் இப்போது வெயில் என்று நீ சாப்பிடாமல் அலையாதே, மாப்பிள்ளை கோலத்தில் எலும்பும் தோலுமாக நின்றால் வைதேகி வீட்டார் என்னைத்தான் குறை சொல்வார்கள். உனக்கு மிளகாய்த்தூள் திரித்து வைத்திருக்கிறேன்.

போனில் சொன்னால் நீ சரி அம்மா, சரி அம்மா என்று இடையில் வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கலியாணத்தன்று நீ வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது நான் அறைக்குள் இருக்க வேண்டும், சந்திரவதனா மாமி முன்னுக்கு நிற்பா, நான் பிறகு ஹோலுக்கு வந்தால் போதும் என்றாய். புருஷன் இல்லாதவள் எதிரே வந்தால் முழிவியளம், சகுனம் சரியில்லையாம். கழுத்தில் சிலுவையும் வேண்டாமாம். இதெல்லாம் மாமியின் சொல், எனக்குத் தெரியும். அப்பாவின் ஒரே தங்கை அவ, அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் சொன்ன வாய் உன்னுடையது மகன், அதுதான் சுட்டது.

ஊரில் அப்பா காலையில் வெளிக்கிடும்போது, சோதி, ஒருக்கா முன்னுக்கு வாரும் என்று குசினியில் அடுப்படியில் நின்ற என்னைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார். அன்றைக்கும் அப்படித்தான் போனார். சந்தியில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள், யார் எவர் என்று இன்றுவரை தெரியாது. செத்தவீட்டில் மாமி, இவளின் முகத்தில் முழித்துப் போனவன்தானே என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. துக்கத்தில் சொன்னதுதான். ஆனால் நான் அதை நம்பிவிட்டேன். சுட்டவன் எங்கேயோ நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் கண்ணாடியைப் பார்க்காமல் தலை வாரி இழுத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்தும் அது விடவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் லைசென்ஸ் டெஸ்டுக்கு வெளிக்கிட்டவர், என்னைக் கண்டதும் கார்க் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிளேன் ஏறி இவ்வளவு தூரம் வந்தாலும் சனம் இதை மட்டும் மறக்காமல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு நிரஞ்சினி, மார்பில் கட்டிக்கு ஒப்பரேஷன் செய்யப் போகிற காலை என் கதவைத் தட்டி, அன்ரி, நான் போகும்போது வாசலில் நில்லுங்கோ என்றாள். என் முகத்தைச் சனம் சொல்வது தெரிந்துதான் கேட்கிறாயா என்றேன். ஓம் என்றாள். கட்டி திரும்ப வந்துவிட்டது. போன கிழமை திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் கூப்பிட்டாள், போய் நின்றேன். என்னால் நல்லது நடக்கும் என்றும் கெட்டது நடக்கும் என்றும் அவள் நினைக்கவில்லை, நான் நிற்க வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

அவளோடுதான் தேவாலயத்துக்குப் போனேன். ஈஸ்டர் ஞாயிறு போதகர் வாசித்தார். இயேசு கல்லறையை விட்டு வெளியே வந்ததும் முதன்முதலில் கண்டது அழுதுகொண்டு நின்ற ஒரு பெண்ணின் முகத்தை. மகன், சாவை வென்று வெளிக்கிட்டவருக்கே அந்த முழிவியளம் போதுமாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். ஆரோ ஏமாற்றித்தான் ஞானஸ்நானம் எடுத்தேன் என்று இனிச் சொல்லாதே.

சுட்டவர்களை மன்னிக்கச் சொல்கிறார் போதகர். இன்னும் முடியவில்லை, பொய்யாகச் சொல்லமாட்டேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். புதுப் பெயரும் வேண்டாம் என்றேன், அப்பா கூப்பிட்ட பெயர் இருக்கிறது. உன்னை மாறச் சொல்லவும் இல்லை. ஐயர் வரட்டும், ஓமம் வளர்க்கட்டும், மாமி ஆசைப்படி ஆலத்தி எடுக்கட்டும். ஆனால் அறைக்குள் இருக்கமாட்டேன். சிவப்புச் சேலை கட்டி, சிலுவையோடு வாசலில் நிற்பேன். அப்பா கடைசியாக ஆசையோடு பார்த்த முகம் இது. நீயும் இதைப் பார்த்துவிட்டுத்தான் கலியாணத்துக்குப் போகிறாய்.

கர்த்தர் உன்னையும் வைதேகியையும் நூறாண்டு சேர்த்து வைக்கட்டும். மாமிக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு, என் அன்பையும் சொல்லு. எயர்போர்ட்டுக்கு வேறு யாரையும் அனுப்பாதே, நீயே வா. வெளியே வரும்போது நான் முதலில் உன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

உன் அம்மா
சிவசோதி கிருபானந்தன்