முதல் பெட்டி வாசலில் கூட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மற்ற எல்லாரும் சுகம். இனி வருவதை உட்கார்ந்து படி.

நீ என் பொறுப்பில் விட்டுப்போன மூன்று தேனீப் பெட்டிகளில், முதல் பெட்டிக் குடும்பம் அழிந்துவிட்டது.

இந்த வாரம் முழுக்க அதன் வாசலில் அப்படியொரு நெரிசல். பக்கத்து வீட்டுத் தச்சர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன பட்டதாரியம்மா, உள்ள கல்யாணமா, எனக்குப் பத்திரிகையே வைக்கலையே என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன். நேற்றுக் காலைதான் கவனித்தேன். வருகிற ஈ எதன் காலிலும் மகரந்தம் இல்லை. வாசற்பலகையில் கட்டிப்புரண்டு சண்டை. மூடியைத் தூக்கினால், தேனடையெல்லாம் கிழிந்து, அடியில் மெழுகுத் தூளும் செத்த ஈக்களும். உள்ளே மொய்த்தவை தேன் திருட வந்தவை.

எங்கிருந்து வந்தவை என்று பார்க்க, வெளியேறுகிறவற்றின் மேல் கோதுமை மாவைத் தூவினேன். வெள்ளையாகப் பறந்தவை பத்தடிகூடப் போகவில்லை. உன் இரண்டாவது பெட்டிக்குள் நுழைந்தன. திருடியவை நம் ஈக்களேதான்.

அக்கா, போன மாதம் "முதல் பெட்டியில் எட்டு அடைச் சட்டத்திலும் ஈ நிறைந்திருக்கிறது" என்று எழுதினேன். நான் திறக்கவே இல்லை. கொட்டும் என்று பயம். பயம் என்று சொல்ல வெட்கம். ஜன்னலிலிருந்து பார்த்து அந்த எண்ணை நானே போட்டேன். தபாலில் போடுமுன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். படிச்ச பொண்ணு எண்ணினா தப்பாவா இருக்கும் என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இந்த வாரக் கூட்டத்தைப் பார்த்ததும், நான் போட்ட எண் சரிதான் என்று நிம்மதிகூட வந்தது. திறந்து பார்த்து, ஈ குறைவு என்று எழுதியிருந்தால், காவலுக்கு ஈ போதும்படி மூன்றாவது பெட்டிக் குடும்பத்தோடு சேர்த்துவிடச் சொல்லியிருப்பாய்.

அந்த மூன்றாவதை இன்று விடியும்போதே திறந்தேன். ஐந்து இடத்தில் கொட்டின. மூன்று சட்டத்தில் மட்டும் ஈ. இரண்டு முறை எண்ணினேன். ராணி இருக்கிறது, முட்டையும் இருக்கிறது. திருட்டு ஈக்கள் அங்கேயும் சுற்றுவதால், வாசலை ஒரே ஒரு ஈ நுழையும் அளவுக்கு அடைத்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. உடனே எழுது.

அப்பாவிடம் இன்று மாலை நானே சொல்கிறேன்.

என்னை நன்றாகத் திட்டி எழுது, அக்கா. சின்னப் பிள்ளைதானே, போகட்டும் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை