அண்ணன் பெயரில் வந்த பென்ஷன் தாள்

12-8-1958, செவ்வாய்.

பம்பாயிலிருந்து பென்ஷன் தாள் வந்து பத்து நாளாகிறது. கருப்பையா உயிரோடு இருக்கிறார் என்று ஊர் முன்சீப் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ராமையா, ஒங்க அண்ணன் செத்தப்ப கொள்ளி வச்சதே நீதான். பக்கத்துல நான் நின்னேன். இப்ப உசுரோட இருக்காருன்னு எப்படி எழுதுறது?"

கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

சர்க்கார் கப்பல் பட்டறையில் அண்ணனுக்குத்தான் வேலை கிடைத்தது. ரயிலேறும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். வேலைச் சீட்டில் படம் கிடையாது, பெயர் மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு நான் போனேன். இருபத்தெட்டு வருஷம் கப்பலுக்கு அடியில் மல்லாந்து கிடந்து தகட்டுக்கு ஆணி அறைந்தது நான். நிரந்தர வேலைக்காரன் என்று பதிவேட்டில் ஏறியது அவன்.

"பட்டறைக்கு உண்மையை எழுதிப் போட்டுரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"போட்டா வர்றதும் வராது. தாளை இங்கிட்டு வச்சிட்டுப் போ, பாப்போம்."

வைத்துவிட்டு வர மனமில்லை. மடித்து எடுத்து வந்துவிட்டேன்.

பட்டறையில் கருப்பையா என்று யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். இங்கே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. விளக்கேற்றிவிட்டு ஒரு தடவை நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

"வாரேன்" என்று பதிலும் என் வாயிலிருந்தே வந்தது.